இரண்டு கையும் மேலே

முப்பத்தோரு வருஷம் நான் பி.டி. டீச்சராக இருந்தேன். ஆஸ்டின் டவுனில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். கழுத்தில் விசில், காலில் கேன்வாஸ் ஷூ, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெயிலில் நிற்பதுதான் உத்தியோகம். ஸ்டாஃப் ரூமில் எனக்கு என்ன மரியாதை இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். பரீட்சை நெருங்கினால் கணக்கு டீச்சர் வந்து நிற்பார். "மிஸ், இன்னிக்கு உங்க பீரியட எனக்குக் குடுத்துடுங்க. பிள்ளைங்க மூளைக்குக் கொஞ்சம் வேலை குடுக்கணும்" என்பார். நான் என்னவோ தினமும் பிள்ளைகளின் மூளையைக் கழற்றி வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு வரச் சொன்னதைப் போல.

அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது கணக்கு டீச்சரைப் பற்றி அல்ல, என் அக்காவைப் பற்றி.

அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் எனக்குத் தலை பின்னிவிட்டதும் சோறு போட்டதும் அவள்தான். எனக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகும் 'பாப்பா' என்றுதான் கூப்பிட்டாள். அவளும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நானும் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று துருவுகிறவர்களிடம், "ட்ரை பண்ணோம், லைன் கிடைக்கல" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள். விவேக் நகரில் ஒரு வீட்டின் கீழ்ப் பகுதியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் குடியிருந்தோம். எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்த அண்ணன் தங்கவயலில் குடும்பத்தோடு இருந்தார்.

அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பலகையின் முன்னால் உட்கார்ந்தால் எட்டு மணி நேரம் எழுந்திருக்க மாட்டாள். கன்னடம், தமிழ், உருது, இங்கிலீஷ் நான்கும் அவள் வாயில் தண்ணீர் பட்டபாடு. கேட்ட நம்பரைத் திருப்பிச் சொல்லாமல் இணைப்பு கொடுக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் வீட்டிலும் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்வாள். "அக்கா, அரை கிலோ தக்காளி" என்றால், "அரை கிலோ தக்காளி, ஓகே" என்று பதில் வரும். பூஜ்யத்தை 'நாட்' என்பாள். இரண்டு நான்கு வந்தால் 'டபுள் ஃபோர்'. ஆட்களின் பெயர் அவளுக்கு முக்கியமில்லை, நம்பர்தான் முக்கியம். அவள் தலைக்குள் இருந்த நம்பர்கள் அச்சடித்த டைரக்டரியில்கூட அவ்வளவு ஒழுங்காக இருந்திருக்காது.

தினமும் பன்னிரண்டரை மணிக்கு எங்கள் ஸ்கூல் ஆபீஸ் போன் அடிக்கும். கிளார்க் எடுத்துப் பார்க்காமலேயே ஜன்னல் வழியாக, "மிஸ், உங்க அக்கா" என்று கத்துவார். நான் கிரவுண்டிலிருந்து ஓடிப் போய் எடுப்பேன்.

"சாப்டியா பாப்பா?"

"சாப்டேன்க்கா."

"பொய். வெறும் வயித்துக் குரல் எனக்குத் தெரியாதா? போய்ச் சாப்புடு."

அவ்வளவுதான் பேச்சு. ஒரு நாளும் அவள் கணிப்பு தப்பியதில்லை. என் டிபன் பாக்ஸ் மேஜைமேல் திறக்காமல்தான் இருக்கும். நிஜமாகவே சாப்பிட்டுவிட்டுச் சொன்ன நாட்களில் "குட்" என்று வைத்துவிடுவாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தொண்ணூற்றொன்றில் அக்கா ரிட்டயர் ஆனாள். உட்கார்ந்தே வேலை பார்த்தவள், வீட்டுக்கு வந்தும் உட்கார்ந்தாள். ஜன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலி, பக்கத்து ஸ்டூலில் கறுப்பு நிற டயல் போன், மடியில் ஜெபமாலை. இரண்டு தெரு தள்ளியிருக்கும் கோயிலுக்குப் போக ஆட்டோ கூப்பிடுவாள். வேலையில் இருந்தபோது ஆபீஸ் வேன் வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு போனதால் நடப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைத்துவிட்டாள். நான் சத்தம் போட்டுப் பார்த்தேன். "ஊருக்கே ட்ரில் சொல்லிக் குடுக்கறே, வீட்டுக்கு வந்தா விசில கழட்டி வையி" என்றாள். எட்டு வருஷம் இப்படியே ஓடியது. பன்னிரண்டரை மணி போன் மட்டும் நிற்கவில்லை. இப்போது வீட்டிலிருந்து வந்தது.

அக்காவின் ஞாபகம் முதலில் தடுக்கி விழுந்தது ஒரு நம்பரில்தான். எங்கள் தெருவில் யாரும் டைரக்டரி புரட்டுவதில்லை, நேராக அக்காவிடம் வந்து கேட்பார்கள். மேல் வீட்டம்மா ஒருநாள் பதறிக்கொண்டு வந்து, குழந்தைக்குக் காய்ச்சல், டாக்டர் நம்பர் வேண்டும் என்றார். அக்கா கண்ணைக்கூட இமைக்காமல் ஒரு நம்பரைச் சொன்னாள். அந்தம்மா அடித்தால் எடுத்தது சவப்பெட்டி செய்கிற கடைக்காரர். "என்ன சைஸ்ம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

மேல் வீட்டம்மா எங்கள் வாசலில் வந்து போட்ட சத்தத்தை விவேக் நகரே கேட்டது. குழந்தைக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. நான் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து தனக்குள் நம்பர்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறாள் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஒரே விஷயத்தைப் பத்து நிமிஷத்தில் மூன்று தரம் கேட்டாள். சர்க்கரை டப்பாவை மாதா படம் இருக்கும் மாடத்தில் வைத்தாள். நான் பயந்துபோய் மூளை டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். சின்ன வயசுப் பெண், கன்னடக்காரர், ரொம்பப் பொறுமை. மூன்று சாமான் பெயரைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். அக்கா மூன்றையும் உடனே திருப்பிச் சொல்லி "ஓகே" போட்டாள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது ஒன்றுகூட வரவில்லை. "அந்த கால் கட் ஆயிடுச்சு டாக்டர்" என்றாள். டாக்டர் சிரித்துவிட்டார். அக்காவின் விரல் மடியில் ஏதோ ஒரு நம்பரைச் சுற்றிக்கொண்டிருந்தது.

மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு டாக்டர் என்னைப் பார்த்து, "இவரு டெய்லி நடீபேக்கம்மா" என்றார். கட்டாயம் நடக்க வேண்டுமாம். மூச்சு வாங்குகிற அளவுக்கு நடந்தால் மூளைக்கும் ரத்தம் நன்றாகப் போகுமாம். ஞாபகம் வைக்கிற பகுதி வயசாக ஆகச் சுருங்கும், நடக்கிறவர்களுக்கு அது கொஞ்சம் மெதுவாகச் சுருங்கலாமாம். கை, கால், எண்ணிக்கை மூன்றும் சேர்ந்த பயிற்சியாக இருந்தால் இன்னும் நல்லது என்றார். போனது திரும்பும் என்று மட்டும் தன்னால் சொல்ல முடியாது, இருப்பதைக் கொஞ்ச காலம் பிடித்து வைக்கப் பார்க்கலாம் என்றார்.

கையும் காலும் எண்ணிக்கையும்! எனக்கு எழுந்து நின்று சல்யூட் அடிக்கலாமா என்றிருந்தது. "டாக்டர், இத சீட்டுல எழுதிக் குடுங்க" என்று கேட்டு வாங்கினேன். மறுநாள் அதைக் கணக்கு டீச்சரின் நோட்டுக் கட்டின்மேல் விரித்து வைத்தேன். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "ரொம்பச் சரி மிஸ். பரீட்சை முடியட்டும்" என்றார். திருந்தாத ஜென்மம்.

அக்காவுக்கு ஷூ வாங்குவதே ஒரு போராட்டமாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் போடுகிற வெள்ளைக் கேன்வாஸ்தான் அவள் காலுக்குச் சரியாக இருந்தது. பட்டுக்கரைப் புடவைக்குக் கீழே அதைப் பார்த்துவிட்டு, "சர்க்கஸ்ல சேத்து விடப் போறியா?" என்றாள். காலையில் ஆறு மணிக்குக் கிளம்புவோம். விவேக் நகரிலிருந்து ஆஸ்டின் டவுன் வரைக்கும் நடந்து, எங்கள் ஸ்கூல் கிரவுண்டில் ஒரு சுற்று. அவ்வளவுதான் திட்டம். முதல் வாரம் தெருமுனையைத் தாண்டவில்லை. "சாக்கு, சாக்கு" என்று நின்றுவிடுவாள். போதும் என்பதற்குக் கன்னடத்தில் அப்படித்தான் சொல்ல வேண்டும். எனக்கு மட்டும் அது தமிழ்ச் சாக்காகவே காதில் விழும். கால் வலிக்கிறது என்று ஒரு சாக்கு, பனி என்று ஒரு சாக்கு, நாய் என்று ஒரு சாக்கு.

"இன்னும் ஒரு கம்பம் வரைக்கும் வாக்கா."

"நீ என்ன என்னைப் பெத்தவளா?"

"இல்ல. நீதான் என்னை வளர்த்தே. அதனாலதான் இந்தத் திமிரு."

அதற்குச் சிரித்துவிட்டு அடுத்த கம்பம் வரைக்கும் வருவாள். இப்படிக் கம்பம் கம்பமாகத்தான் ஆஸ்டின் டவுன் வரைக்கும் போய்ச் சேர்ந்தோம். அதற்கு இரண்டு மாதம் பிடித்தது. நடை பழகிய பிறகு பேச்சும் வந்தது. வழியில் ஒவ்வொரு வீட்டையும் கடையையும் நம்பரால் காட்டுவாள். "இதுதான் த்ரீ டபுள் செவன். எப்பவும் என்கேஜ்டு. வீட்டுக்காரம்மா பொண்ணுக்கு மாப்பிள்ள பாத்துட்டிருந்தா." "இந்த பேக்கரி ஃபைவ் நாட் ஃபைவ். ஓனர் லைன்ல இருக்கறது தெரியாம உருதுல திட்டுவாரு. எனக்கு உருது வரும்னு தெரியாது பாவம்." இருபத்தைந்து வருஷமாக நான் நடந்துபோன தெருவில் இத்தனை கதை இருப்பது எனக்குத் தெரியாது. காலையில் என்ன சாப்பிட்டாள் என்பது அவளுக்கு நினைவில்லாத நாட்களிலும் இவை வந்தன. நடக்கும்போது அதிகமாக வந்தன. இதை நான் விஞ்ஞானமாகச் சொல்லவில்லை, பக்கத்தில் நடந்தவளாகச் சொல்கிறேன்.

கிரவுண்டில் அசெம்பிளிக்கு முன்னால் கால் மணி நேரம் அவளுக்கு ட்ரில் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். எங்கள் பள்ளி ட்ரில்லில் எட்டு எண்ணிக்கை. ஒன் என்றால் இரண்டு கையும் முன்னால். டூ என்றால் இரண்டு கையும் மேலே. த்ரீ பக்கவாட்டில். ஃபோர் என்றால் கீழே இறக்கித் தொடையில் ஓர் அடி. மற்ற நாலும் இடுப்பும் காலும் சேர்ந்து வரும். அக்காவின் தொல்லை என்னவென்றால் நான் எண்ணினால் திருப்பிச் சொல்வாள். "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்பேன். "ஒன் டூ த்ரீ ஃபோர், ஹோல்ட் த லைன்" என்பாள். பிள்ளைகள் வேப்பமரத்தடியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். "அக்கா, இது போன் இல்ல, ட்ரில்" என்று விசிலை ஊதுவேன். அவளுக்கு அந்தப் பழக்கத்தை விட முடியவில்லை. நானும் விடாமல் திட்டினேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான் என்று அப்போது தெரியவில்லை.

மூன்று, நான்கு வருஷம் இப்படி நன்றாகவே போயிற்று. மறதி இருந்தது, ஆனால் சமாளிக்கிற அளவில் இருந்தது. பிறகு ஊர் முழுக்க எல்லா டெலிபோன் நம்பருக்கும் முன்னால் ஓர் இரண்டைச் சேர்த்துவிட்டார்கள். ஏழு இலக்கம் எட்டு ஆனது. எங்களுக்கெல்லாம் அது ஒரு வாரத் தொந்தரவு. அக்காவுக்குக் காலடியில் தரையே நகர்ந்துபோனது.

பன்னிரண்டரை மணி போன் நின்றுவிட்டது. அவள் விரல் பழைய நம்பரைத்தான் சுற்றியது. அந்தப் பக்கம் பதிவு செய்த பெண் குரல், நம்பரைச் சரிபார்க்கும்படி கன்னடத்திலும் இங்கிலீஷிலும் சொல்லும். அக்கா அந்தக் குரலோடு சண்டை போடுவாள். "ஏனம்மா, சீனியர்கிட்ட இப்படியா பேசறது? லைன் குடும்மா! உன் சூப்பர்வைசர் யாரு?" நான் வீட்டுக்கு வந்தால், "உங்க ஸ்கூல் லைன்ல புதுசா ஒரு பொண்ணப் போட்டிருக்காங்க, திமிரு புடிச்சவ" என்று புகார் சொல்வாள். நம்பரைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஆபரேட்டர் வீட்டில் சுவரில் நம்பரா என்று கிழித்துப் போட்டாள். கிழிக்காத நாட்களில்கூட, கண் பேப்பரைப் படிக்க, விரல் தன்பாட்டுக்குப் பழசைச் சுற்றியது. ஒரே பொத்தானில் நம்பர் போகிற போன் ஒன்றை வாங்கி வந்தேன். "இது கால்குலேட்டர்" என்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

அந்தச் சமயத்தில் ஒரு வியாழக்கிழமை கோயில் நவநாள் ஜெபக் கூட்டத்தில் அக்கா தொலைந்துபோனாள். நான் ஸ்கூலில் இருந்தேன். இரண்டு தெரு தள்ளி இருக்கிற வீட்டுக்கு வழி தெரியாமல் மத்தியானம் வரைக்கும் சுற்றியிருக்கிறாள். தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். விஷயம் தங்கவயலுக்குப் போயிற்று. அண்ணன் மறுநாளே வந்து இறங்கினார், கையில் ஒரு விண்ணப்பப் படிவத்தோடு. ஊருக்கு வெளியே கன்னியாஸ்திரீகள் நடத்துகிற முதியோர் இல்லம்.

அண்ணனை வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். படிவத்தை மேஜைமேல் வைக்கும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. "நீ காலைல போனா சாயங்காலம் வர்றே. உனக்கு ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் பகல் முழுக்க அவ தனியா. ஏதாவது ஆச்சுன்னா?" என்றார்.

"ஆச்சுன்னா எனக்கு போன் பண்ணுவா."

"எங்க பண்றா? பதிவு பண்ண குரலோட இல்ல சண்ட போட்டுட்டிருக்கா?"

அவர் படிவத்தை மறுபடி கையில் எடுத்தார். பிறகு சொன்னார். "ஈஸ்டர் முடிஞ்ச திங்கள் வரேன். நீ ஸ்கூல்ல இரு. யாரும் சொல்லிக் குடுக்காம, பேப்பர் பாக்காம, அவளா உனக்கு போன் போட்டுட்டா இந்தப் படிவத்த நானே கிழிச்சுடறேன். போடலன்னா நீ கையெழுத்துப் போடணும்."

அக்கா அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் போன பிறகு என்னிடம் வந்து, "பாப்பா, என்னை அனுப்பிடாத" என்றாள். அவள் என்னிடம் எதையும் கேட்டுப் பெற்றவள் அல்ல. அந்த ஒரு வாக்கியம் ஈஸ்டர் வரைக்கும், தவக்காலம் முழுக்க என் நெஞ்சில் கிடந்து உறுத்தியது.

ஆறு வாரம் இருந்தது. நான் டீச்சர் இல்லையா, சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று இறங்கினேன். ஸ்கூலின் புது நம்பரை நூறு தரம் சொல்ல வைத்தேன். நூறு தரமும் அழகாகத் திருப்பிச் சொல்லி "ஓகே" போட்டாள். போன் முன்னால் உட்கார்ந்ததும் விரல் பழைய பாதையில் போயிற்று. மூன்றாவது வாரத்தில் நான் அவளிடம் கத்திவிட்டேன். அவள் காதில் ரிசீவரை வைத்துக்கொண்டே அழுதாள். எனக்கு என்னை அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல் கிரவுண்டுக்குப் போனோம். விசிலை ஊதினேன். என் மனசு அந்த எட்டு இலக்கத்திலேயே கிடந்ததால் 'ஒன்' என்று தொடங்க வேண்டிய வாய் 'டூ' என்றது. அக்காவின் இரண்டு கையும் மேலே போயிற்று. "டூ" என்று திருப்பிச் சொன்னாள். நான் சுதாரிக்கவில்லை, நம்பரின் அடுத்த இலக்கத்தைச் சொன்னேன். கை அதற்குப் போயிற்று. அதற்கும் அடுத்தது. நாலும் நாலும் வந்தபோது தொடையில் பட் பட் என்று இரண்டு அடி. "டபுள் ஃபோர்!" என்றாள், அவளுடைய பழைய ட்யூட்டிக் குரலில். எண்ணைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே கையை வீசினால் நம்பர் அவள் உடம்பில் ஏறும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வருஷமாக நான் விசில் ஊதி அடக்கிக்கொண்டிருந்தது இதைத்தான்.

முழு நம்பரையும் இங்கே எழுதப் போவதில்லை. இன்று அது யாரிடமாவது இருக்கும், அவர்கள் மத்தியானத் தூக்கத்தைக் கெடுப்பானேன். எங்கள் ட்ரில்லில் பூஜ்யத்துக்கு அசைவு கிடையாது. தலைக்குமேல் இரண்டு கையையும் கோத்து ஒரு வட்டம் போட வேண்டும் என்று அக்காவே கண்டுபிடித்தாள். ஊரெல்லாம் முன்னால் சேர்த்த அந்த இரண்டுக்கு 'சரண்டர்' என்று பெயர் வைத்தாள். "போலீஸ் புடிச்சா தூக்கற மாதிரி இருக்கு. முதல்ல சரண்டர், அப்புறம்தான் பேச்சு" என்றாள். தினமும் நடை முடிந்து, உடம்பு சூடாக இருக்கும்போது, எட்டு இலக்கத்தையும் உடம்பால் பத்துத் தரம் போடுவோம். அசெம்பிளிக்கு வந்த பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன. ஒரு பள்ளிக்கூடமே தன் போன் நம்பருக்கு ட்ரில் செய்தது வேறெங்காவது நடந்திருக்குமா என்று தெரியவில்லை. கணக்கு டீச்சர் ஜன்னலில் நின்று பார்த்தார். மறுநாள் எண்ணிக்கையில் அக்கா தடுமாறியபோது ஜன்னலிலிருந்தே அடுத்த இலக்கத்தை எடுத்துக் கொடுத்தார். அந்த ஒரு காரியத்துக்காக அவருடைய பழைய பாவத்தில் பாதியை மன்னித்தேன்.

வீட்டில் போனுக்கு முன்னால் நாற்காலியை எடுத்துவிட்டேன். நின்றுகொண்டு, முதலில் கையால் போட்டு, பிறகு டயலைச் சுற்ற வேண்டும். கடைசி வாரத்தில் பத்துக்கு ஏழு தரம் சரியாக வந்தது. மூன்று தரம் வரவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னதாக ஆகும்.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை அண்ணன் வந்தார். நான் ஸ்கூலுக்குப் போனேன். விடுமுறை நாள், ஆபீசில் நானும் கிளார்க்கும்தான். பன்னிரண்டரை ஆயிற்று. போன் அடிக்கவில்லை. பன்னிரண்டே முக்கால். கிளார்க் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நான் பையில் பேனா இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன், கையெழுத்துப் போட. அப்போது அடித்தது.

"சாப்டியா பாப்பா?"

நான் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஹலோ, ஹலோ... கேக்குதா? லேட்டாயிடுச்சு. உங்க அண்ணன் பக்கத்துலயே நின்னுக்கிட்டுப் புசுபுசுன்னு மூச்சு விட்டா எப்படி டயல் பண்றது? கைய வீசவும் எடம் இல்ல. வாசலுக்குப் போடான்னு தொரத்திட்டுப் பண்ணேன். நீ சாப்டியா, இல்லயா?"

"சாப்டேன்க்கா" என்றேன், அழுதுகொண்டே.

"பொய்" என்று வைத்துவிட்டாள்.

அண்ணன் படிவத்தைக் கிழித்து, துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அதன் பிறகு ஊருக்கு வந்தபோதெல்லாம் அவரும் கேன்வாஸ் ஷூவோடு வந்தார்.

நான் ரிட்டயர் ஆகும்வரை இரண்டு வருஷமும் அந்தப் போன் வந்தது. தினமும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வந்தது. நான் வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு அதற்குத் தேவையில்லாமல் போய்விட்டது. நடையை மட்டும் நாங்கள் விடவில்லை. மூன்றாவது வருஷத்தில் ஆஸ்டின் டவுன் வரைக்கும் போனது தெருமுனையோடு நின்றது, பிறகு வாசலோடு. நோய் எங்களைவிட வேகமாக நடந்தது, அவ்வளவுதான். நடந்ததால் எத்தனை வருஷம் கூடக் கிடைத்தது என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. கிடைத்ததில் ஒரு நாளையும் நான் திருப்பிக் கொடுக்க மாட்டேன்.

முதலில் வீடுகளின் நம்பர்கள் போயின. அப்புறம் அண்ணன் போனார், அதாவது அவள் நினைப்பிலிருந்து. கடைசியில் என் முறையும் வந்தது. ஒருநாள் காலை தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்து, மரியாதையாக, "நீங்க யாரு மேடம்? ரொம்ப நல்லா சீவறீங்க" என்றாள். நான் பதில் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன். அன்று முழுக்க எனக்கு எதுவும் இறங்கவில்லை. சமைத்து அவளுக்கு ஊட்டிவிட்டேன். என் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்து வாசல்படியில் உட்கார்ந்தேன்.

அக்கா வெயிலில் பிரம்பு நாற்காலியில் இருந்தாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு கைப்பிடியை ஊன்றிக்கொண்டு எழுந்தாள். விழுந்துவிடுவாளோ என்று நானும் எழுந்தேன். அவள் இரண்டு கையையும் மேலே தூக்கினாள். சரண்டர். அடுத்த அசைவு வந்தது. அதற்கடுத்தது வந்தது. தொடையில் பட் பட் என்று இரண்டு அடி. தலைக்குமேல் ஒரு வட்டம், கை கோக்க முடியவில்லை, பாதியில் இறங்கிவிட்டது. எட்டும் முடிந்ததும் வலது கையை மடக்கிக் காதோரம் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. நானும் கையைக் காதில் வைத்துக்கொண்டேன்.

"ஹலோ" என்றேன்.

"சாப்டியா பாப்பா?"

"சாப்டேன்க்கா."

அக்கா தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"பொய்" என்றாள்.

நான் உள்ளே போய்க் கவிழ்த்து வைத்த தட்டை எடுத்துச் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து, அவள் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.